மஸ்கட் பிரபாகர்

இன்னும் ஐந்து வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரிக்கு யாரால் ஆபத்து வரும் என்று சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் கேட்டபோது பூங்கோதை எதிரிலிருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவளுக்குத்தான். சேலத்தில் கிளை மேல் கிளையாகத் திறந்துகொண்டிருக்கும் கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவள்தான் தலைமை. நோயாளிகளின் விவரம் வெளியே கசியாமலிருக்க ஒரு கொள்கை எழுதி வைத்திருக்கிறாள், இன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்து அதை முடித்தாக வேண்டும். வராத ஆபத்துக்கு வேலி போடுகிற உத்தியோகம். யாரால் வரும் என்று இவளைப் போய்க் கேட்டால் என்ன சொல்லுவாள், பாவம். காலையில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சைபர் கிரைம் எஸ்.ஐ. சகாயமேரி கூப்பிட்டுவிட்டார். பிரபாகர்னு ஒருத்தர் இல்லைங்க மேடம் என்றார். அது இவளுக்கே தெரியும், மாப்பிள்ளை என்று போனில் பேசிவிட்டு மாயமாய்ப் போனவன், அதனால்தானே புகார் கொடுத்தாள். அந்த நம்பர் உங்க அண்ணன் கடையில முன்ன வேலை பார்த்தவர் பேர்ல வாங்கினது, போன் இருந்தது உங்க அண்ணன்கிட்ட, கூப்பிட்டுக் கேட்டோம், ஒத்துக்கிட்டார். குரல் மாத்தற ஆப் வெச்சுப் பேசியிருக்கார். குடும்ப விஷயம், தங்கச்சி வாபஸ் வாங்கிக்கும்கிறார். காசும் ஒண்ணும் போகலை. மனுவை முடிச்சிரலாமா, எஃப்.ஐ.ஆர். போடட்டுமா, சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க. எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று கேட்டுவிட்டு, மீட்டிங் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள். அப்படிச் சொல்ல எப்படி வாய் வந்தது. அண்ணன். தனசேகர். இன்வர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிற தனசேகர். மாடியில் குடியிருக்கிற தனசேகர். பிஸ்கட் தட்டில் இனிப்பு பிஸ்கட் ஒரு வரிசை, உப்பு பிஸ்கட் ஒரு வரிசை. யாரோ நடுவிலிருந்து ஒன்றை உருவியிருந்தார்கள்.

வெளியாட்களாலும் வரலாம், உள்ளே இருக்கிறவர்களாலும் வரலாம் என்று எதையோ சொல்லி வைத்தாள். ஆலோசகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் மேடம் என்று எழுந்து பலகையில் ஒரு வட்டம் போட்டார். இந்த வட்டத்துக்குள் இருப்பவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம் பாருங்கள், கோளாறே அங்கேதான். இனிமேல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தரும் தான் யார் என்று காட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும், பெரிய டாக்டரே ஆனாலும். பெரிய டாக்டர், அப்படியானால் வீட்டுக்குப் போனதும் என் சம்சாரத்திடம் அடையாள அட்டை கேட்கணுமா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள். மனசு எங்கே கிடந்தாலும் முகம் தன் பாட்டுக்கு வேலை பார்க்கிறது. அடையாள அட்டை கேட்காமல் விட்டாளா என்ன? கேட்டாள். பேச ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, தப்பா எடுத்துக்காதீங்க, என் வேலை அப்படி என்று சொல்லி, கம்பெனி அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலை, அதில் ஷிப்ட் இன்ஜினியர், அட்டையில் மீசை வைத்த அமைதியான முகம். வீடியோவில் வரச் சொன்னாள். கேம்ப்பில் அதெல்லாம் தடை என்றான், ஊருக்கு வரும்போது நேரிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்றான். சரி என்று இவளும் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் இப்படி ஒருத்தர் காரணம் சொல்லியிருந்தால் கம்ப்யூட்டரைத் தொட விட்டிருக்க மாட்டாள். அந்த முகம் ஏதோ தூர தேசத்துப் பல் டாக்டருடையது என்று பிறகு அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அந்தப் பல் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆளின் மீசையைப் பற்றி அம்மாவும் இவளும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள், எடுக்கச் சொல்லலாமா இருக்கட்டுமா என்று.

அட்டையைக் கூட விடு. ஜாதகத்தைப் பார்த்த அன்றைக்கே கண்டுபிடித்திருக்க வேண்டாமா நீ, என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள், காலையிலிருந்து இது எத்தனையாவது தடவையோ. பூங்கோதை பிறந்த நேரத்துக்குச் செவ்வாய் தோஷம். அதே தோஷம் இருக்கிற மாப்பிள்ளையைத் தேட வேண்டும், சுத்த ஜாதகக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதனால் வரன் பார்க்கத் தொடங்கியபோதே அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, வெளியூர் போய் ஒரு ஜாதகம் கணித்து வாங்கி வந்துவிட்டார். லக்னம் மாறிற்று, தோஷம் போயிற்று. ஊரில் நடக்காததா, யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். தரகர் பையிலும் சொந்தக்காரர் போன்களிலும் கல்யாணக் குரூப்புகளிலும் இத்தனை வருஷமாகச் சுற்றியது அந்தத் திருத்திய ஜாதகம்தான். அப்படியும் ஒன்றும் அமையவில்லை. ஒருத்தருக்குப் படிப்பு ஜாஸ்தி, ஒருத்தருக்கு வயசு ஜாஸ்தி, ஒருத்தர் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனதோடு சரி. அம்மாவுக்கு மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பொய் சொன்னோம், சாமி முறைச்சுக்கிச்சு என்பாள். அம்மாவின் இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு நாள் அண்ணன் போனில் பிரபாகரின் ஜாதகம் வந்தது. அதில் அதே தோஷம், இவளுடையதை அச்சில் வார்த்த மாதிரி. அம்மா அழுதாள். நாம மறைச்சு வெச்சும் சாமி தேடிக் கொண்டாந்து குடுத்திருக்குது பாரு என்றாள். இவளுக்கும் உடம்பு சிலிர்த்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். படித்தவள்தான், நம்பிக்கை அரைகுறைதான், ஆனாலும் சிலிர்த்தது. தோஷக்காரன் ஒருத்தன் எதற்காகச் சுத்த ஜாதகக்காரியைத் தேடி வரப்போகிறான்? வெளியே போனது பொய் ஜாதகம், பதிலுக்கு வந்தது உண்மைக்குப் பொருந்துகிற ஜாதகம். உண்மை தெரிந்தவர்கள் நாலே பேர். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அப்போது படுக்கையில். மீதி யார்? ஒரு சின்னக் குழந்தை விரல் நீட்டிக் காட்டியிருக்கும். யாரோ ஒரு நர்ஸ் ராத்திரி டியூட்டியில் தப்பான கோப்பைத் திறந்தால் மறுநாளே கண்டுபிடிக்கிறவள், வீட்டுக் கூடத்தில் அம்மாவோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்றார் ஆலோசகர். போனார்கள். மின்சாரம், தீ, வெள்ளம். இன்வர்ட்டர் என்ற சொல் வந்தபோது பூங்கோதையின் கண்முன் அண்ணன் கடை வந்து நின்றது. சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேட்டரிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசியிருப்பான். அண்ணனுடையது கட்டைக் குரல், கொஞ்சம் திக்கும். பிரபாகருக்கு வழவழவென்று நிதானமான குரல், வேறு ஆளாகப் பேசும்போது நாக்கு தடுக்காது போல, திக்கலே கிடையாது. பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி மட்டும் இருக்கும். கடல் தாண்டி வருகிறதே, தாமதமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். யோசித்துப் பேசுகிற மனுஷன் என்றும் நினைத்தாள், அந்த இடைவெளிக்காகவே அவனைப் பிடித்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் போய் நடந்துகொண்டே பேசுவாள். என்னென்ன பேசினாள். ஓசூரில் வேலை பார்த்தபோது ஒருத்தனைப் பிடித்திருந்ததையும், அவனிடம் சொல்லாமலே விட்டதையும் சொன்னாள். வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் முன்னால் நிற்கும்போது கால் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்வதைச் சொன்னாள். குழந்தை வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, இந்த வயதில் அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னாள். எங்க அண்ணன் இருக்கிறார், நல்லவர்தான், ஆனால் உனக்குக் கல்யாணம் வேணுமா என்று ஒரு தடவை கூட என்னிடம் கேட்டதில்லை என்று சொன்னாள். அண்ணனைப் பற்றி அண்ணனிடமே. சாப்பிட்டாயா என்று கேட்க இந்த வீட்டில் ஆளில்லை என்று ஒரு நாள் அழுதாள். மறுநாள் அண்ணன் கொய்யாப்பழம் வாங்கி வந்தான். நின்று, சாப்ட்டியா பாப்பா என்று கேட்டான். ஸ்கூட்டரில் பிரேக் சரியில்லை என்று பிரபாகரிடம் சொல்லியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை அண்ணனே எடுத்துப் போய்ச் சரி பண்ணி வந்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் அண்ணன் இளகிவிட்டான் என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்தையும் கொண்டுபோய்ப் பிரபாகரிடமே கொட்டினாள். உங்க அண்ணன் நல்லவர்தாங்க என்றான் பிரபாகர். படுபாவி.

நடுவில் யாரோ அவள் பேரைச் சொன்னார்கள், தலையாட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று தெரியவில்லை, எதையாவது ஒப்புக்கொண்டிருப்பாள். நினைவு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய்த் தடுக்கிற்று. அம்மாவுக்காகச் செய்தேன் என்பான். செய்யட்டும். நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று ஒரு மாப்பிள்ளையை இட்டுக்கட்டினான், உண்மை ஜாதகத்துக்குப் பொருந்துகிற மாதிரியே இட்டுக்கட்டினால்தான் அம்மாவின் அரிப்பு அடங்கும் என்று கணக்குப் போட்டான், அம்மாவும் அந்தப் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அதுவரை புரிகிறது. மன்னித்துவிடலாமோ என்று கூட ஒரு மூலையில் தோன்றுகிறது. ஆனால் அம்மாவுக்கு ஒரு ஜாதகமும் ஒரு படமும் போதுமே. மஸ்கட்காரர் பிஸி, போனில் பேச நேரமில்லை என்றால் அம்மா நம்பியிருப்பாள், இவளும் நம்பியிருப்பாள். அப்புறம் எதற்கு தினமும் சாயங்காலம்? அதுதான் விளங்கவில்லை. பேச்சு கொஞ்சம் நெருக்கமாகப் போனால் சிக்னல் போய்விடும். கண்ணியமான மனுஷன், கூச்சப்படுகிறான் என்று அதற்கும் ஒரு மார்க் போட்டாள். இப்போது நினைத்தால் காது மடல் எரிகிறது. துண்டித்தான் சரி, மறுநாள் எதற்குக் கூப்பிட்டான்? அம்மாவின் காரியம் முடிந்த பிறகு பிரபாகர் கூப்பிடவே இல்லை. இவள் பயந்துபோனாள். ஆலையில் விபத்தோ, ஆஸ்பத்திரியில் கிடக்கிறானோ என்று மஸ்கட்டில் தெரிந்தவருக்குத் தெரிந்தவரையெல்லாம் பிடித்து விசாரித்தாள். வேலைக்குப் போகிற வழியில் சிக்னலில் நின்று அழுதாள். அந்த நாட்களில் அண்ணன் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் இவள் முகத்தைப் பார்த்தான், பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினான்.

ஆலோசகர் இப்போது பலகையை அழித்துவிட்டு ரொம்ப சீரியஸாகப் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்குத் திருடுகிறவனுக்கு இன்றைக்கே அதைத் திறக்கத் தெரிய வேண்டியதில்லை, எடுத்து வைத்துக்கொள்வான், பத்து வருஷம் கழித்து அதைத் திறக்க ஒரு யந்திரம் வரும், அப்போது திறப்பான். ஆகவே எது போனது என்று மட்டும் பார்க்காதீர்கள், எங்கே போய்க் கிடக்கிறது என்று பாருங்கள். நல்ல பேச்சு என்று பெரிய டாக்டர் தலையசைத்தார். டீ வந்தது. பூங்கோதையின் போன் மேஜையில் அதிர்ந்தது. அண்ணன். எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிய நோயாளிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மற்றக் கண்ணால் அவளைப் பார்த்தார்கள்.

"பாப்பா," என்றான். கட்டைக் குரல், அவனுடைய சொந்தக் குரல். அதைக் கேட்டதும் அடுத்த வார்த்தைக்கு முன்னால் அந்தப் பழைய இடைவெளி வருகிறதா என்று அவள் காது பார்த்தது. வெட்கங்கெட்ட காது. அவன் அம்மா, அம்மா என்று திக்கினான். அம்மாவுக்காகத்தான், சாமி சத்தியமா அம்மாவுக்காகத்தான் என்றான். அவளுக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"அம்மாவுக்கு ஜாதகம் போதும். எனக்கு எதுக்கு போன் பண்ணினே?"

பெஞ்சிலிருந்த ஒருத்தர் இருமினார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நீ என்கிட்ட இப்படியெல்லாம் பேசினதே இல்லியே பாப்பா," என்றான் அண்ணன். "வீட்டுக்கு வந்தா போனைப் பார்த்துட்டே சோறு திம்பே. நீ பிரபாகர்கிட்ட பேசறப்ப, எனக்கு ஒரு தங்கச்சி இருக்குதுன்னு இருந்துச்சு. விட முடியலை."

பூங்கோதைக்குக் கோபம் முழுக்க ஒரு நிமிஷம் கைநழுவிப் போய்விட்டது, தேடினாலும் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்துகொண்டு, தங்கச்சியோடு பேச வேண்டி மஸ்கட்டுக்குப் போய் வந்திருக்கிறான் இந்த மடையன். வாபஸ் வாங்கிக்கறேன் போ என்று நாக்கு வரை வந்துவிட்டது. அண்ணனுக்கு எப்போதும் ஒரு பழக்கம், வியாபாரம் படிந்த பிறகும் வாயை மூட மாட்டான், படிந்ததைக் கெடுத்துக்கொள்வான். அவள் அதைச் சொல்வதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ பேசினதெல்லாம் அந்த ஆப்ல பதிவாகித்தான் கிடக்குது. கேஸுன்னு போனா எடுத்துக் கேப்பாங்க. அசிங்கம் உனக்குத்தான், யோசிச்சுக்க."

வைத்துவிட்டாள். டீ ஆறிப்போயிருந்தது. ஆறின டீயைக் குடித்தாள். பதிவாகிக் கிடக்கிறது. எங்கே? அவன் போனில் இல்லை, அந்த ஆப்காரன் எந்த ஊரில் யந்திரம் வைத்திருக்கிறானோ அங்கே. ஓசூர்க்காரன், கால்விரல், குழந்தை, எல்லாம் அங்கே கிடக்கிறது. எந்த வருஷம் எவன் எடுத்துக் கேட்பானோ, எவளுடைய குரலாக மாற்றி எங்கே விற்பானோ, ஒரு கொள்கையிலும் அதை எழுதித் தடுக்க முடியாது. அதற்காகக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை, வேலையே அதுதானே, இந்தப் பயத்தோடு குடித்தனம் நடத்திப் பழகியவள். அவன் அதைச் சொன்னானே. சொல்லத் தோன்றிற்றே. மனசு விட்டுப் பேசினதை ஒரு தங்கச்சி பேச்சு என்று கண்ணீர் விட்டவன், அதே மூச்சில் அதையே கத்தியாகக் காட்டினான், காட்டுகிறோம் என்றே தெரியாமல், நல்லதுக்கு என்று. இனி எதற்கெல்லாம் காட்டுவான்? யாரையாவது பிடித்திருக்கிறது என்று நாளைக்கு அவள் சொன்னால் காட்டுவானா? வாபஸ் வாங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. சாயங்காலம் கொய்யாப்பழத்தோடு வந்து வாசலில் நிற்பான். சாப்ட்டியா என்பான். அவளும் ஒன்றை எடுத்துக் கடிப்பாள், கடித்துவிட்டு லேசாகச் சந்தோஷப்படக்கூடச் செய்வாள், அவளுக்கு அவளைத் தெரியும். யாராவது கேட்க மாட்டார்களா என்று கிடக்கிற மனசு அது, யார் கேட்டாலும் நாயாட்டம் ஓடும். அதைத்தான் அவன் கண்டுகொண்டான். ஊர் பேர் தெரியாத திருடனாக இருந்திருந்தால் ஏமாந்தேன் என்று ஒரு அழுகையோடு போயிருக்கும். இவன் கூடப் பிறந்தவன், இவனுக்கு அவள் எங்கே திறந்து கிடக்கிறாள் என்று தெரியும். அசிங்கம் உனக்குத்தான் என்கிறான். பேசினது அவள், ஒரு மனுஷனை நம்பிப் பேசினாள், அதில் என்ன அசிங்கம்? காது கொடுத்தவனுக்கல்லவா. உள்ளே வாங்க மேடம், அடுத்த பகுதி உங்களுடையதுதான் என்று ஆலோசகர் கதவருகில் நின்று கூப்பிட்டார். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று அவள் கை காட்டினாள். பிரபாகரை நினைத்தால்தான் தாங்கவில்லை. இல்லாதவனுக்காக இந்த நேரத்திலும் மனசு ஏங்கியது. இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் அவனிடம்தான் சொல்லியிருப்பாள். அவன் ஒரு சின்ன இடைவெளி விட்டு, நீங்க என்ன நினைக்கறீங்களோ அதைச் செய்யுங்க என்றிருப்பான்.

சகாயமேரி உடனே எடுத்தார். முடிச்சிரலாங்களா மேடம் என்று அவரே ஆரம்பித்தார், குரலில் ஒரு கருணை இருந்தது, இப்படி எத்தனை வீட்டைப் பார்த்திருப்பாரோ.

"இல்லைங்க. எஃப்.ஐ.ஆர். போடுங்க."

"கூடப் பிறந்தவர்ங்க. அப்புறம் மாத்திப் பேசினா கஷ்டம்."

"மாத்திப் பேச மாட்டேன்."

பேசினதெல்லாம் கேட்க வேண்டி வருமே என்றார். கேளுங்க, நீங்களே கேளுங்க என்றாள் பூங்கோதை. அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, கீபோர்டு சத்தம் கேட்டது. ஆள்மாறாட்டம்னு போடறேன், விவரம் மட்டும் சொல்லுங்க என்றார்.

"எதிரி பேரு?"

"தனசேகர்."

"அப்பா பேரு?"

"அர்த்தநாரி."

விலாசம் கேட்டார், கதவு எண்ணிலிருந்து தெரு வரை சொன்னாள், மேல் மாடி என்று சேர்த்துக்கொண்டாள். கீபோர்டு கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

"புகார்தாரர் அப்பா பேரும் ஒருக்கா சொல்லிருங்க மேடம். மனுவுல கையெழுத்துப் புரியலை."

பெஞ்சிலிருந்த ஒரு அம்மாவை நர்ஸ் கைபிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப் போனாள். பூங்கோதை போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அர்த்தநாரி," என்றாள்.